நாலுவழிச் சாலை வேண்டாம்: கன்னியாகுமரியிலிருந்து பூவார் வரை கடலோரமாகவே போனால் எப்படி?

வடசேரிக்காரன்

டிசம்பர் லீவுக்கு அக்கா குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. எல்லாருமாகத் திருவனந்தபுரம் வரை காரில் போவதாகப் பேச்சு. கன்னியாகுமரியிலிருந்து 90 கிலோமீட்டர் சொச்சம்தானே, விடியற்காலை கிளம்பினால் கோயில், மத்தியானம் மால், சாயங்காலம் கோவளம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு என்று அத்தான் ஒரே மூச்சில் கணக்குப் போட்டுவிட்டார். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

நான் நினைப்பது கடற்கரை ரோடு. மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம், முட்டம், மண்டைக்காடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம், நீரோடி, அப்படியே பார்டர் தாண்டிப் பொழியூர், பூவார். நடுவில் எங்கேயாவது ஒரு ராத்திரி தங்கினாலும் பரவாயில்லை.

இந்த ஆசை எப்படி வந்தது என்றால், போன வாரம் அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது அப்பாவின் பழைய ஆல்பம் கிடைத்தது. கன்னியாகுமரியில் எல்லாரும் வரிசையாக நிற்கிற படம், பின்னால் விவேகானந்தர் பாறை. பக்கத்துப் பாறை மொட்டையாகக் கிடக்கிறது, வள்ளுவர் இல்லை. சிலை 2000 ஜனவரி 1 அன்றுதானே திறந்தார்கள், அதனால் படம் அதற்கு முந்தியது என்று என் மகளே கண்டுபிடித்துவிட்டாள். வருஷம் எழுதி வைக்கிற பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது, கடல்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இப்போது போய் அதே இடத்தில் எடுத்தால் இரண்டு பாறைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலமும் விழும்.

யார் யார் இப்படி நின்று நிதானமாகப் போயிருக்கிறீர்கள்? இடம், நேரம், சாப்பாடு, போட்டோ, வீட்டுச் சண்டை, எதுவானாலும் எழுதுங்கள்.

முட்டம் வெளிச்சம்

டிசம்பர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கடலோரம்தான். அந்த மாதத்தில் சூரியன் நன்றாகத் தெற்கே தள்ளி மறையும், அதனால் குமரிமுனையானாலும் முட்டமானாலும் நேராகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கும். மே, ஜூனில் குமரிமுனையில் நின்றுபாருங்கள், வடக்கே நகர்ந்து கரைப்பக்கமாகப் போய்த் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அதுவும் தென்மேற்கு மழை மேகம் விட்டால்தான். வெளியூரிலிருந்து கோடை லீவுக்கு வந்துவிட்டு "கடலில் சூரியன் மறையவே இல்லையே" என்று நம்மைப் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர்!

குமரிமுனையில் விடியலைப் பாருங்கள், ஆனால் அங்கேயே ஒட்டிக்கொண்டு இருக்காதீர்கள், ஏழு மணிக்குமேல் கூட்டம் தாங்காது. அப்படியே மணக்குடி வந்துவிடுங்கள். பழையாறு கடலில் சேருகிற பொழிமுகம், காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அங்கே இருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போய்விட்டது, இப்போது நீங்கள் போகப்போவது அதற்கப்புறம் கட்டியது.

மத்தியான வெயிலில் கேமராவைத் தொடாதீர்கள். மணல் வெளுத்துப்போகும், முகமெல்லாம் கறுத்துப்போகும். சாப்பிடவும் தூங்கவும்தான் அந்த நேரம். சாயங்காலம் நாலரைக்கு முட்டம் போய்ச் சேருங்கள். பாறை, குன்றின் மேல் கலங்கரை விளக்கம், கீழே வள்ளங்கள், ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும். சூரியன் முங்கினதும் பாதிப்பேர் கைதட்டிவிட்டு வண்டியைத் தேடிப் போவார்கள், நீங்கள் போகாதீர்கள், நிஜமான நிறம் அதற்கப்புறம் ஒரு கால் மணி நேரம் கழித்துத்தான் வானத்தில் ஏறும். பாறையில் எதுவரை ஈரமாகக் கறுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். அலை அதுவரை வருகிறது என்று அர்த்தம். காய்ந்த பாறையில் மட்டும் நில்லுங்கள்.

கோமதி, தென்காசி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த வெளிச்சக் கணக்கெல்லாம் பார்த்தால் பயணம் உருப்படாது. எங்கள் வீட்டுக்காரருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. கல்யாணமான புதிதில் ஃபிலிம் கேமரா, ஒரு ரோலுக்கு 36 படம், அதனால் ஒரு படத்துக்கு அரைமணி நேரம் யோசிப்பார். அப்புறம் டிஜிட்டல் வந்தது, இனியாவது சீக்கிரம் முடிப்பார் என்று நினைத்தேன், ஒரு படத்துக்குப் பதில் நூறு எடுக்க அதே அரைமணி நேரம் ஆகிறது. "இதோ அஞ்சு நிமிஷம்" என்று இறங்கிப் போவார், நானும் பிள்ளைகளும் காருக்குள் வெந்துகொண்டிருப்போம். புளியோதரைப் பொட்டலம் பிரிக்காமலே காய்ந்துபோகும். "அப்பா வரட்டும்" என்று சின்னவன் இலையைத் தடவிக்கொண்டே இருப்பான்.

கோவளத்தில் எடுத்த படங்களைப் போன மாதம் எடுத்துப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம் இருக்கிறது, கட்டுமரம் இருக்கிறது, யாரோ ஒரு வெள்ளைக்காரர் நாயோடு நடந்து போகிறார். நானும் பிள்ளைகளும் இல்லை. ஒரே ஒரு படத்தில் என் செருப்பு இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

எனக்குப் பிடித்த பயணம் எங்கள் பக்கம்தான், செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை. ஜூன், ஜூலையில் மேற்கே மழை கொட்டும்போது ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து எங்கள் பக்கம் சாரலாகத் தூவும், குற்றாலம் சீசன் என்பதே அதுதானே. கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் சாரல் பட, இரு பக்கமும் நெல் வயலைப் பார்த்துக்கொண்டு புளியரை வரை போவது. அருவிக்கே போகவேண்டாம். திரும்பி வரும்போது பார்டரில் புரோட்டா. என் மகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது அந்தச் சாரலைத்தான், அதற்கு ஒரு படம்கூட இல்லை.

வடசேரிக்காரன்

அக்கா, அந்தச் செருப்புப் படத்தைப் பிரேம் போட்டு மாட்டுங்கள். ஆனால் ஒரு கேள்வி. அப்பாவின் ஆல்பம் இல்லாவிட்டால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காதே? அவரும் எங்களை வெயிலில் நிற்கவைத்து, "கண்ணைச் சுருக்காதே" என்று திட்டித்தான் எடுத்திருப்பார். அந்தத் திட்டெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை, படம் இருக்கிறது.

கோமதி, தென்காசி

உங்கள் அப்பா உங்களைத்தானே தம்பி எடுத்தார். நாயை எடுக்கவில்லையே.

புனலூர் மருமகன்

கோமதி அக்கா செங்கோட்டை ரோட்டைச் சொன்னார்கள், ரயிலை விட்டுவிட்டார்களே! மீட்டர் கேஜில் செங்கோட்டையிலிருந்து புனலூர், கொல்லம் போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? 1904ல் மலையைக் குடைந்து போட்ட பாதை. 2010 செப்டம்பரோடு மீட்டர் கேஜ் நின்றது, அகலப் பாதை முழுசாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. நடுவில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ரயில் இருந்ததே தெரியாது.

மாமனார் வீடு புனலூர், ஆகவே ஓணத்துக்கும் பொங்கலுக்கும் அதில்தான் போக்குவரத்து. பகவதிபுரம் தாண்டியதும் பெரிய குகை வரும். ரயில் உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் ஊளையிடும், பெரியவர்களும் இருட்டுத் தைரியத்தில் சேர்ந்துகொள்வார்கள். டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து தொண்டையைக் கரகரக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையில் துரு ஒட்டியிருக்கும், அந்தக் கையாலேயே பழம்பொரியை வாங்கித் தின்போம். குகைக்கு இந்தப் பக்கம் வறண்ட காற்று, அந்தப் பக்கம் ஆரியங்காவு ஸ்டேஷனில் எல்லாமே பச்சை, காற்றே மாறிவிடும், டீக்கடையில் மலையாளம்.

படம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலம் இருக்கிறதே, இன்றைக்கு ரோட்டில் போகிற எல்லாரும் வண்டியை நிறுத்தி எடுக்கிறார்கள். நாங்கள் ரயிலில் அதன் மேலேயே போனோம், ஆனால் மேலே இருக்கிறவனுக்குப் பாலம் எங்கே தெரியும்? கீழே ரோடும் ஆறும்தான் தெரியும். அந்தக் கருங்கல் வளைவுகளை நான் ஒழுங்காகப் பார்த்ததே மீட்டர் கேஜ் நின்றபிறகு காரில் போனபோதுதான். படம் வேண்டுமென்றால் ரயிலைவிட்டு இறங்கி ரோட்டில் நிற்கவேண்டும், பயணம் வேண்டுமென்றால் ரயிலில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் கிடைக்காது. கோமதி அக்கா சொல்வதில் எனக்கு இந்த அளவு உடன்பாடு உண்டு.

கடியபட்டணத்தான்

எல்லாரும் கடலைப் பற்றிப் பேசுகிறீர்கள், கடலில் வேலை செய்கிற ஆளும் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

முட்டத்துக்கு மேற்கே எங்கள் கரை. டிசம்பரில் கரமடி இழுக்கிறதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. கரையில் ஒரு முனைக் கயிற்றை விட்டுவிட்டு வள்ளத்தில் வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துக்கொண்டு வந்து இன்னொரு முனையைக் கரையில் கொண்டுவருவார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஏலேலோ போட்டு இழுப்பது. ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது, வெறும் கயிறு வந்துகொண்டே இருக்கும், வெளியூர்க்காரர்களுக்குப் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். இரண்டு பக்கத்து ஆட்களும் மெல்ல மெல்ல நெருங்கி வருவார்கள், வலையின் மடி கரைக்குப் பக்கத்தில் வந்ததும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மினுங்கும், காக்காய் கூடிவிடும். மடியை அவிழ்த்தால் நெத்திலியும் சாளையும். வயசாளிகள் யாராவது உட்கார்ந்து சொறியை, அதாவது ஜெல்லி மீனைப் பொறுக்கித் தூர எறிவார்கள், வெறுங்கையால் தொட்டால் அரிக்கும் என்பதால் மணலோடு சேர்த்து அள்ளுவார்கள். அங்கேயே மணலில் ஏலம். எல்லாம் முடிய ஒரு காலைப்பொழுது போய்விடும். மெதுவாகப் பயணம் என்று சொல்கிறீர்களே, இதற்கு நேரம் ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

ஆனால் ஒன்று. கயிறு இழுக்கிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். வலையில் மீன் குறைந்த நாளில் அவருக்கு எப்படி இருக்கும்? முதலில் ஒரு கை பிடித்து இழுங்கள், அப்புறம் கேளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். போன வருஷம் ஒரு கும்பல் வந்து, கழுகுக் கூட்டம் மாதிரி ட்ரோனைத் தலைக்குமேல் சுற்றவிட்டு, பெண்கள் மீன் பிரிக்கிற இடத்தில் தாழ இறக்கினார்கள். நல்ல சண்டை ஆகிவிட்டது.

ஹார்பரில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கிற படம் வேண்டுமென்றால் தடைக்காலத்தில் வாருங்கள். எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இரண்டு, தடையும் இரண்டு: கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

கடைசியாக, கள்ளக்கடல். நம்மூரில் காற்றே இருக்காது, வானம் சுத்தமாக இருக்கும், ஆனால் எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் ஓடிவந்து இங்கே திடீரென்று ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனது அப்படித்தான். ஏப்ரல், மே மாதங்களில் வருகிறவர்கள் எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று செய்தியில் பார்த்துவிட்டு இறங்குங்கள். எச்சரிக்கை இருக்கிற நாளில் காலைக்கூட நனைக்க வேண்டாம். கரையில் நிற்கிற எங்கள் ஆட்கள் "வாங்க மக்கா மேல" என்று கத்தினால் வாக்குவாதம் செய்யாமல் ஏறிவிடுங்கள்.

மார்த்தாண்டம் மச்சான்

அண்ணே அருமை. நான் போன்காரன், கேமரா கிடையாது, அதனால் போன்காரர்களுக்கு மட்டும்.

கடற்கரையில் கொஞ்சநேரம் நின்றாலே லென்ஸ் மேல் உப்பு படிந்துவிடும், படமெல்லாம் பனிமூட்டமாக வரும். "என் போன் பழசாகிவிட்டது" என்று எல்லாரும் புலம்புவது இதற்குத்தான், பழசாகவில்லை. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள், உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். லேசாக ஈரம் பண்ணிய மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் துடையுங்கள். சூரியனை எடுக்கும்போது திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள், நிறம் தானாக வரும். கடல்கோடு சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது சாய்ந்தால் கடல் ஒரு பக்கம் வழிந்துவிடும்போல இருக்கும்.

கோமதி அக்காவுக்கு: பிள்ளைகள் பெரிதானதும் "நாங்கள் சின்னதில் எப்படி இருந்தோம்" என்று கேட்டால் சாரலைக் காட்டமுடியாதே?

கோமதி, தென்காசி

சொல்லத் தெரியும் தம்பி.

பாறசாலை ரிட்டயர்டு

இளைஞர்கள் பேசட்டும் என்று சும்மா இருந்தேன், ஆல்பம் என்றதும் கை பரபரக்கிறது.

எங்கள் குடும்பம் பார்டரால் பிளந்த குடும்பம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அம்மாவின் ஊர் தக்கலை, அப்பாவின் ஊர் பாறசாலை. ஆகவே சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதே எங்களுக்கு மாநிலம் விட்டு மாநிலம் போகிற பயணம்தான். பெரியப்பாவின் அம்பாசடரில் முன்னால் மூன்று பேர், பின்னால் எத்தனை பேர் என்று எண்ணுகிற வழக்கம் இல்லை, மடிமேல் மடி. கேரியரில் ஜமக்காளமும் செம்புக் குடமும். களியக்காவிளை செக்போஸ்டில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், அரிசி இருக்கிறதா என்று பார்க்கத்தான். பாட்டி பேரனுக்குக் கொண்டுபோகிற அரைப்படி பச்சரிசியைச் சேலைக்குள் மறைத்துவைத்துக்கொண்டு சாமி கும்பிடுவாள். எந்தக் காவலரும் அதைக் கேட்டதில்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மறைப்பாள்.

வெயில் நாளில் வண்டி கொதித்துவிடும். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு எல்லாரும் புளியமர நிழலில் உட்காருவோம். யாராவது வீட்டிலிருந்து தண்ணீர் கொடுப்பார்கள், அப்படியே பேச்சு வளர்ந்து, நீ எந்த ஊர், உன் மாமா யார் என்று உறவே கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போதைய கார் கொதிக்காது. நல்லதுதான், யார் இல்லையென்றார். ஆனால் நிற்பதற்கு ஒரு காரணம் நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வடசேரிக்காரருக்கு ஒரு யோசனை. மத்தியான வெயிலை என்ன செய்வது என்றார்களே, பத்மநாபபுரம் அரண்மனைக்குள் கழித்துவிடுங்கள். தக்கலைப் பக்கம், கடலோரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே வரவேண்டும். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. வெளியே எத்தனை வெயில் அடித்தாலும் மரக்கூரைக்குக் கீழே குளுகுளு என்று இருக்கும். கறுப்புத் தரையில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற அழகை முட்டம் வெளிச்சத்துக்காரர் பார்த்தால் விடமாட்டார். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு அரண்மனைக்கும் லீவு, திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்கும் லீவு. பிள்ளைகள் இரண்டு வாசலிலும் அழுவார்கள்.

முட்டம் வெளிச்சம்

பார்த்திருக்கிறேன் ஐயா, தரையை எடுத்திருக்கிறேன், வீட்டம்மா தரைக்கு நடுவில் நிற்கவும் செய்தாள். கோமதி அக்கா குறித்துக்கொள்ளவும்.

புனலூர் மருமகன்

தரை விஷயத்தில் அக்காவுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது, நேரக்கணக்குதான் எனக்கு இடிக்கிறது. கரமடிக்கு ஒரு காலைப்பொழுது என்கிறார் கடியபட்டணத்தார், அரண்மனைக்கு ஒரு மத்தியானம், முட்டத்துக்கு ஒரு சாயங்காலம். பூவார் எப்போது? நெய்யாறு கடலில் சேருகிற இடத்தைப் பார்க்காமல் திரும்பினால் என் வோட்டு அத்தானுக்கு.

வடசேரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அத்தானிடம் பேசினேன். "மால் கிடையாதா?" என்பதுதான் முதல் கேள்வி. அக்கா நடுவில் புகுந்து "சென்னையில் இல்லாத மாலா?" என்று கேட்டதும் அடங்கிவிட்டார்.

இப்போதைக்கு இப்படி யோசித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை குமரியில் விடியல், மணக்குடி, சொத்தவிளை, உள்ளே திரும்பி அரண்மனை, சாயங்காலம் முட்டம், ராத்திரி குளச்சல் பக்கம் தங்கல். மறுநாள் காலை வலை இழுத்தால் கடியபட்டணம், இல்லையென்றால் மண்டைக்காட்டு அம்மனைப் பார்த்துவிட்டுத் தேங்காய்ப்பட்டணம், நீரோடி, பூவார். திருவனந்தபுரம் எட்டினால் எட்டட்டும், எட்டாவிட்டால் பழம்பொரி தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். புனலூர்க்காரரே, பூவார் இருக்கிறது, வோட்டை மாற்றாதீர்கள்.

கேமரா அக்கா மகள் கையில். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். யாரை எடுப்பாள், நாயை எடுப்பாளா, தெரியாது.

கோமதி, தென்காசி

அப்படியென்றால் சரி. அவள் எடுக்கும்போது யாரும் "கண்ணைச் சுருக்காதே" என்று சொல்லாதீர்கள். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வண்டியில் போடுங்கள், மலைப்பாதை இல்லாததால் வாந்தி பயம் இல்லை, இருந்தாலும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

கடியபட்டணத்தான்

வருவதற்கு முந்தின நாள் இங்கேயே ஒரு வரி போடுங்கள், மறுநாள் கரமடி உண்டா இல்லையா என்று கேட்டுச் சொல்கிறேன். ஏலத்தில் மீன் எடுக்கிற எண்ணம் இருந்தால் ஐஸ் பெட்டி கொண்டுவாருங்கள். பூவார் போய்த் திரும்புகிறவரை சாளை தாங்காது, அத்தான் காரில் வாடை அடித்தால் என்னைச் சொல்லக் கூடாது.